வானம் தெளிந்தால் பனிச்சரிவு பயம் போய்விடுமா?

கோவையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். நான்கு நண்பர்கள் பிப்ரவரி நடுவில் காஷ்மீரிலுள்ள குல்மார்க் போகிறார்கள். மூன்று பேருக்கு ஸ்கீ நன்றாகவே பழக்கம், ஒருவர் ஸ்னோபோர்டு. கொண்டோலா என்ற கேபிள் காரின் இரண்டாம் கட்டத்தில் ஏறி, பாதுகாக்கப்பட்ட எல்லையைத் தாண்டி, அபர்வத் மலையின் திறந்த சரிவுகளில் இறங்க வேண்டும் என்று ஆசை. "பனி விழுந்து நாலு நாள் ஆகி, வானமும் தெளிவாக இருந்தால் பனிச்சரிவு பயம் இல்லை என்கிறார்கள். நம்பலாமா?" என்பது கேள்வி.

பாதி நம்பலாம். பனி கொட்டும்போதும், கொட்டி முடிந்த முதல் ஒன்றிரண்டு நாட்களிலும்தான் தானாகக் கிளம்பும் பனிச்சரிவுகள் அதிகம். புதுப்பனி கீழே இருப்பதோடு ஒட்டிக்கொள்ள நேரம் தேவை. அந்த நேரத்தைக் கொடுத்தால் பல சமயம் நிலைமை சீராகிவிடும். இதுவரை சரி.

ஆனால் விளையாட்டுக்காக மலைக்குப் போய் பனியில் புதைபவர்கள் விஷயத்தில், பத்துக்கு ஒன்பது பனிச்சரிவுகள் தானாகக் கிளம்பியவை அல்ல. புதைந்தவரோ, அவருடன் வந்தவரோ கால் வைத்ததால் கிளம்பியவை. ஒரு மனிதனின் எடைக்கு அவ்வளவு பெரிய சரிவு ஏன் உடைகிறது என்றால், அடியில் எங்கோ ஒரு பலவீனமான அடுக்கு காத்திருக்கிறது. அந்த அடுக்கு பெரும்பாலும் உருவாவது நீங்கள் சொல்லும் அதே தெளிவான வானத்தில்தான். இதைத்தான் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன், ஏனென்றால் குல்மார்க்கில் நான் கழித்த 11 குளிர்காலங்களில் "இன்னிக்கு வெயில், ஒண்ணும் ஆகாது" என்ற பேச்சைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன்.

முதலில் ஊட்டிக்குப் போய்விட்டு வருவோம். டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா பக்கம் விடியற்காலையில் போனவர்களுக்குத் தெரியும், புல்வெளி முழுக்க உப்பு தூவினது மாதிரி வெள்ளையாக இருக்கும். அந்த ஊர்க்காரர்களிடம் கேளுங்கள், மேகம் மூடிய இரவில் உறைபனி விழாது என்பார்கள். வானம் துடைத்து வைத்தாற்போல் இருந்தால்தான் விழும், தேயிலை கருகும். காரணம் எளிது. மேகம் என்பது போர்வை. அது இல்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது, புல் நுனி சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. காற்றிலிருக்கும் ஈரம் அதன் மேல் பனிப்படிகமாக வந்து ஒட்டுகிறது.

இதே காரியம் புல்லின் மேல் நடக்காமல் நான்கடிப் பனியின் மேல் நடந்தால்? மேற்பரப்பில் சிறு சிறு இறகுகள் போலப் படிகங்கள் முளைக்கும். சில மில்லிமீட்டரிலிருந்து, நல்ல ஈரமும் காற்றில்லாத குளிரும் சேர்ந்தால், ஒரு சென்டிமீட்டருக்கு மேலும் வளரும். காலை வெயிலில் கண்ணாடித் தூள் போல மின்னும். ஸ்கீயில் போனால் சலசலவென்று மெல்லிய சத்தம் வரும். அவ்வளவு அழகு. அதன் மேல் அடுத்த பனி விழும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. செங்குத்தாக நிற்க வைத்த சீட்டுகளின் மேல் மெத்தையைப் போட்டது மாதிரி. சில நாட்களுக்கு அது தாங்கும், வாரக்கணக்கிலும் தாங்கும். ஒரு இடத்தில் ஒரு சீட்டு சாய்ந்தால் பக்கத்திலிருப்பது சாயும், அதற்குப் பக்கத்திலிருப்பதும் சாயும்.

புதைவதற்கு முன் வெயிலோ காற்றோ பட்டால் இந்த இறகுகள் அழிந்துவிடும். அதனால் ஒரே மலையில் வெயில் படும் பக்கம் நன்றாகவும், நிழல் பக்கம் மோசமாகவும் இருக்கும். மேலே புதுப்பனி மூடிய பிறகு இரண்டுக்கும் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

இது ஒரு வகை. காஷ்மீரில் எனக்கு இதைவிடப் பயம் தருவது இன்னொன்று, அடிப்பனி கெட்டுப்போவது.

காஷ்மீரில் டிசம்பர் 21-லிருந்து 40 நாட்களை 'சில்லை கலான்' என்பார்கள், கடுங்குளிர்க் காலம். பனியைக் கொண்டுவருவது மத்தியதரைக் கடல் பக்கமிருந்து நகர்ந்து வரும் வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ் மழைமேகங்கள். அவை ஒழுங்காக வந்தால் ஜனவரிக்குள் பனி ஆள் உயரம் ஏறிவிடும். வராவிட்டால் மெல்லிய பனி, அதன் மேல் வாரக்கணக்கில் தெளிந்த வானம், கொல்லும் குளிர். 2024 ஜனவரியில் குல்மார்க் பனியே இல்லாமல் பழுப்பாகக் கிடந்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

மெல்லிய பனி ஏன் மோசம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. பனிக்கு அடியில் தரை எப்போதும் ஏறக்குறைய 0 டிகிரியில் இருக்கும், பனியே அதற்குக் கம்பளி. மேற்பரப்பு மைனஸ் 15 என்று வைத்துக்கொள்வோம். பனியின் உயரம் 60 சென்டிமீட்டர் என்றால், ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் 2.5 டிகிரி வித்தியாசம். அதே குளிரில் பனி 2 மீட்டர் இருந்தால் 10 சென்டிமீட்டருக்கு முக்கால் டிகிரிதான். இந்த வித்தியாசம் 1 டிகிரியைத் தாண்டினால், கீழே சூடாக இருக்கும் பனியிலிருந்து நீராவி மேலே ஏறி அடுத்த துகளில் படிந்து உறைகிறது. துகள்களுக்கு நடுவே இருந்த ஒட்டு கரைகிறது, துகள்கள் மட்டும் பெரிதாகிக் கோணல்மாணலான படிகங்களாக வளர்கின்றன. ஆக, டிசம்பரில் விழுந்த நல்ல பனி ஜனவரி முடிவதற்குள், யாரும் தொடாமலே, சீனியாக மாறிவிடுகிறது.

சீனி என்று நானாகச் சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன் உள்ளூர் வழிகாட்டி ஒருவருடன், கொண்டோலாவின் முதல் கட்டம் முடியும் கோங்தூரிக்கு மேலே ஒரு நிழல் சரிவின் ஓரத்தில் குழி வெட்டினேன். மேலே 50 சென்டிமீட்டருக்குக் கெட்டியான பனி, ஷவலைக் குத்தினால் கேக் வெட்டின மாதிரி நேர்க்கோட்டில் வெட்டுப்பட்டது. கையுறையைக் கழற்றிவிட்டு வெட்டின சுவரில் மேலிருந்து கீழாக விரலால் அழுத்திக்கொண்டே வந்தோம். மேலே ஒரு விரல்தான் நுழைந்தது. இன்னும் கீழே போகப் போக நான்கு விரல் நுழைந்தது. தரைக்கு ஒரு சாண் மேலே வந்ததும் முஷ்டியே உள்ளே போய்விட்டது. ஒரு கைப்பிடி எடுத்துப் பார்த்தேன். உருண்டை பிடித்தால் நிற்கவில்லை, விரலிடுக்கில் சரசரவென்று ஒழுகி ஓடியது. வழிகாட்டி லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு "சீனி" என்றார். இந்தியிலும் அதே சொல்தான் என்பதால் எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அன்றைக்கு வானம் நீல நிறத்தில் ஒரு மேகமில்லாமல் இருந்தது. கடைசிப் பனி விழுந்து ஐந்து நாள். நாங்கள் ஸ்கீயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே நடந்து இறங்கினோம்.

பொரியைப் பரப்பி அதன் மேல் கடப்பைக் கல்லைக் கிடத்தியிருக்கிறார்கள் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். கல் உறுதியாகத்தான் இருக்கும். மேலே நின்று குதித்தாலும் ஒன்றும் தெரியாது. சீனிப்பனியின் மேல் இந்தக் கல்லைப் போலக் கிடக்கும் கெட்டிப் பனியைத்தான் பனிப்பலகை என்கிறோம். பனிச்சரிவு என்றதும் பலர் மனதில் வருவது மணல் சரிவது போலப் பொடிப்பனி ஒரு புள்ளியில் தொடங்கி விசிறியாக இறங்கும் காட்சி. அதுவும் உண்டு, பெரும்பாலும் சின்னதாக முடிந்துவிடும். ஆளைக் கொல்வது பலகைச் சரிவு. மேலே குறுக்காக ஒரு விரிசல் ஓடும், முழுப் பரப்பும் ஒரே நேரத்தில் கிளம்பும், கண்ணாடி உடைவது போலத் துண்டுதுண்டாகும். 20 மீட்டர் அகலம், 30 மீட்டர் நீளம், அரை மீட்டர் கனம் என்றால் சின்னச் சரிவு என்றுதான் பேசிக்கொள்வோம். அதன் எடையே 60 டன் வரும். நீங்கள் நிற்பது அதன் நடுவில். சில நொடிகளில் பேருந்து வேகத்தைத் தாண்டிவிடும்.

அடியிலிருக்கும் அடுக்கு உடையும்போது சில சமயம் எச்சரிக்கை கிடைக்கும். காலடியில் 'வூம்ப்' என்று ஒரு சத்தம். பெரிய மெத்தை மேல் யாரோ விழுந்தது போல, காதைவிட வயிற்றில்தான் அது கேட்கும். பலகை ஒரு மில்லிமீட்டரோ இரண்டோ கீழே இறங்கின சத்தம் அது. சமதளத்தில் கேட்டால் சரிவதற்கு இடமில்லாததால் நீங்கள் தப்பித்தீர்கள் என்று அர்த்தம். ஆனால் அந்த உடைவு சமதளத்தோடு நிற்காது. ஓடிப்போய்ப் பக்கத்திலிருக்கும் செங்குத்தான சரிவைக் கிளப்பிவிடக்கூடும். கீழே நடந்துபோனவர்கள் மேலே இருந்த சரிவைத் தாங்களே தலையில் இறக்கிக்கொண்டது இப்படித்தான். 'வூம்ப்' கேட்டால், ஸ்கீ நுனியிலிருந்து விரிசல் ஓடினால், அன்று காலையில் கிளம்பிய புதிய பனிச்சரிவின் தடம் எதிர்ச் சரிவில் தெரிந்தால், அதற்கு மேல் குழி வெட்டிச் சோதிக்கக்கூடத் தேவையில்லை. மலையே பதில் சொல்லிவிட்டது.

இந்த இடத்தில் பலரும் சொல்வது, "எங்களுக்கு முன்னால் பத்துப் பேர் அதே சரிவில் இறங்கினார்கள்." நம் எடையின் அழுத்தம் பனிக்குள் ஆழம் போகப் போகக் குறையும். ஒரு மீட்டருக்குக் கீழே பெரிதாக எட்டாது. பத்துப் பேரும் பலகை கனமாக இருக்கும் இடத்தில் போயிருப்பார்கள். பதினோராவது ஆள் ஒரு பாறைக்குப் பக்கத்தில், பனி மெலிந்திருக்கும் இடத்தில் திரும்புவார். அங்கே பலவீன அடுக்கு அரை அடி ஆழத்தில் இருக்கும். அங்கே உடைந்தது எல்லா இடத்துக்கும் பரவும். ஆக, பழைய தடங்கள் எதற்கும் சாட்சி அல்ல.

காற்றைப் பற்றியும் கொஞ்சம். பனி விழாமலே பனி ஏறும். அபர்வத் முகட்டில் காற்று அடிக்கும்போது ஒரு பக்கத்துப் பனியை அள்ளி மறுபக்கம் கொட்டும். வானத்திலிருந்து விழுவதைப்போலப் பத்து மடங்கு வேகத்தில்கூட ஒரு சரிவில் பனி சேரலாம். "நாலு நாளாப் பனி இல்லை" என்று நீங்கள் சொல்லும்போது, முந்தின இரவுக் காற்று உங்கள் சரிவில் மட்டும் இரண்டடி ஏற்றி வைத்திருக்கும். மேற்பரப்பு வழவழவென்று தலையணை மாதிரி உப்பியிருந்தால், குச்சியால் தட்டினால் காலித் தகர டின் போலச் சத்தம் வந்தால், அங்கே காற்று வேலை பார்த்திருக்கிறது. தெளிந்த நாளில் முகட்டிலிருந்து வெள்ளைக் கொடி பறப்பது போலப் பனித்தூள் பறந்தால், படம் எடுத்துவிட்டு, அது எந்தப் பக்கம் விழுகிறது என்றும் பாருங்கள்.

மார்ச், ஏப்ரல் கதை வேறு. அப்போது வெயிலே நேரடி எதிரி. தண்ணீர் கசிந்து அடுக்குகளை நனைத்து ஈரச் சரிவுகளைக் கிளப்பும். காலையில் உறைந்து கெட்டியாக இருக்கும்போது போய், மதியத்துக்கு முன் இறங்கிவிடுவது வழக்கம். பிப்ரவரி நடுவில் போகும் உங்களுக்கு இது பெரிய பிரச்சினை இல்லை.

இவ்வளவையும் படித்தால் தலை சுற்றும். பனிக்குள் என்ன இருக்கிறது என்று உறுதியாகச் சொல்வது 30 வருட அனுபவசாலிக்கே கடினம். நல்லவேளையாக இந்தக் கணக்கில் ஒன்று மட்டும் கண்ணுக்குத் தெரியும், அளக்கவும் முடியும், அதுதான் சரிவின் சாய்வு. பலகைச் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் கிளம்புகின்றன. 38-ஐ ஒட்டி உச்சம். 30-க்குக் கீழே அபூர்வம். ரொம்பச் செங்குத்தான இடத்தில் பனி தங்காமல் சிறிது சிறிதாக உதிர்ந்துவிடும். துரதிர்ஷ்டம் என்னவென்றால், ஸ்கீ போட்டவர்களுக்கு ஆசை வருவதும் அதே 35, 38 டிகிரியில்தான்.

அளப்பது எளிது. போனில் சாய்வுமானி இருக்கும். ஸ்கீ கம்பைப் பனிமேல் சரிவு வாக்கில் படுக்க வைத்து, அதன் மேல் போனை வைத்தால் டிகிரி சொல்லிவிடும். முதல் சில நாள் ஒவ்வொரு சரிவையும் கண்ணால் ஊகித்துவிட்டு, பிறகு அளந்து பாருங்கள். நான் 30 என்று ஊகித்தவை பலமுறை 36 காட்டின. சந்தேகமான நாளில் 30-க்குக் கீழே உள்ள சரிவில் மட்டும் இறங்குவது, மேலே தொங்கும் செங்குத்தான சரிவுகளின் பாதையில் நிற்காமல் இருப்பது, இந்த இரண்டையும் கடைப்பிடித்தால் பனிக்குள் என்ன இருந்தாலும் ஆபத்து பெருமளவு குறைந்துவிடும். 28 டிகிரியில் புதுப்பனியில் இறங்குவதில் உள்ள சந்தோஷம் குறைவானதும் இல்லை.

கீழே என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். குல்மார்க்கில் சரிவுகளுக்கு அடியில் நாலாக்கள் உண்டு, ஓடை வெட்டிய பள்ளங்கள். திறந்த வெளியில் ஒரு சின்னப் பனிச்சரிவு முழங்கால் உயரம் பரவி நின்றுவிடும். அதே சரிவு நாலாவுக்குள் இறங்கினால் மூன்று மீட்டர் ஆழத்துக்குக் குவிந்துவிடும். கீழே மரங்கள் என்றால் மோதி உடல் நொறுங்கும். கனடாவில் இறந்தவர்களை ஆராய்ந்தபோது, ஏறக்குறைய நான்கில் ஒருவர் மூச்சுத் திணறலால் இல்லை, அடிபட்டே இறந்திருந்தார்.

குல்மார்க்கில் இதெல்லாம் நடந்திருக்கிறதா என்றால், நிறையவே. 2010 பிப்ரவரி 8-ஆம் தேதி கிலன்மார்க் பக்கம் ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியைச் சேர்ந்த 17 வீரர்கள் பனிச்சரிவில் இறந்தார்கள். பனியிலேயே வாழப் பயிற்சி பெறுபவர்கள் அவர்கள். 2023 பிப்ரவரி 1-ஆம் தேதி அபர்வத்தில் ஹபத்குட் என்ற இடத்தில் வெளிநாட்டு ஸ்கீ குழு சிக்கியது. போலந்தைச் சேர்ந்த இரண்டு பேர் இறந்தார்கள், 19 பேர் மீட்கப்பட்டார்கள். 2024 பிப்ரவரி 22-இல் ரஷ்யாவைச் சேர்ந்த ஒருவர் இறந்தார், கூட இருந்தவர்களை மீட்டுவிட்டார்கள். தேதிகளைப் பாருங்கள், எல்லாம் பிப்ரவரி. நீங்கள் போகும் மாதம்.

அனுபவம் காப்பாற்றும் என்ற நம்பிக்கைக்கு இன்னொரு பதில் உத்தரகாண்டில் இருக்கிறது. 2022 அக்டோபர் 4-ஆம் தேதி, உத்தரகாசியின் நேரு மலையேற்றப் பயிற்சி நிலையத்தைச் சேர்ந்த குழு, திரௌபதி கா தண்டா இரண்டாம் சிகரத்தின் உச்சிக்குப் பக்கத்தில் பனிச்சரிவில் சிக்கியது. 27 உடல்கள் கிடைத்தன, இரண்டு பேர் கிடைக்கவே இல்லை. இறந்தவர்களில் பயிற்றுநர் சவிதா கன்ஸ்வாலும் ஒருவர். அந்த வருடம் மே மாதத்தில்தான் எவரெஸ்டையும் மகாலுவையும் 16 நாட்களுக்குள் ஏறி முடித்திருந்தார். அந்தச் செய்தி வந்த நாளில் எனக்கு எதுவும் ஓடவில்லை. அங்கே போனவர்கள் யாரும் அலட்சியக்காரர்கள் இல்லை.

பனியில் புதைந்தவர்களைப் பற்றிப் பேசினால் நம்மவர்கள் பலரும் சியாச்சினைத்தான் நினைப்பார்கள். 2016 பிப்ரவரி 3-இல் சோனம் காவல் நிலையில், 19,600 அடி உயரத்தில், மெட்ராஸ் ரெஜிமெண்டின் 10 வீரர்கள் புதைந்தார்கள். அவர்களில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆறு நாள் கழித்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு கிடைத்தார், 11-ஆம் தேதி டெல்லியில் இறந்தார். இதைச் சொல்லி "ஆறு நாள்கூடத் தாங்கலாம்" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். அங்கே இடிந்து விழுந்தது பனிக்கட்டிச் சுவர். அவர் கூடாரத்துக்குள் மாட்டிக்கொண்டதால் மூச்சு விடக் கொஞ்சம் இடம் இருந்தது. திறந்த சரிவில் ஸ்கீயோடு உருட்டப்பட்டுப் புதைபவருக்கு அந்த இடம் கிடைக்காது.

அவருக்குக் கிடைப்பது 10 நிமிடம். முழுமையாகப் புதைந்தவர்களை 10 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரமானால் மூன்றில் ஒருவர்கூடத் தேறுவது கடினம். ஓடும்போது தண்ணீர் போல இருந்த பனி நின்றதும் சிமெண்ட் போல இறுகிவிடும், விரலைக்கூட அசைக்க முடியாது. விடும் மூச்சே முகத்தைச் சுற்றி உறைந்து கண்ணாடி போல மூடும். கீழேயிருந்து மீட்புக் குழு வருவதற்குள் அந்த 10 நிமிடம் போய்விடும். அதனால் உங்களைக் காப்பாற்ற முடிந்தவர்கள் உங்கள் கூட வந்த மூன்று பேர் மட்டும்தான்.

அதற்கு ஒவ்வொருவரிடமும் மூன்று பொருள் வேண்டும்: பீக்கன், ப்ரோப், ஷவல். பீக்கன் 457 கிலோஹெர்ட்ஸில் சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும், தேடுபவர் தன்னுடையதைத் தேடும் நிலைக்கு மாற்றினால் அம்புக்குறியும் தூரமும் காட்டும். ப்ரோப் என்பது மடக்கி வைக்கும் நீளக் குச்சி. பீக்கன் காட்டும் மிகக் குறைந்த எண்ணிலிருந்து தொடங்கி, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சுருள் போலக் குத்திக்கொண்டே போக வேண்டும். ஆள் மேல் பட்டால் கையிலேயே தெரியும், பிறகு அதை உருவக்கூடாது. தோண்டுவதுதான் அதிக நேரம் பிடிக்கும் வேலை. ஒரு மீட்டர் ஆழத்தில் இருப்பவரை எடுக்க ஒரு டன்னுக்கு மேல் பனியை அள்ள வேண்டிவரும். நேர் மேலே நின்று கிணறு தோண்டாமல், சரிவின் கீழ்ப்பக்கத்திலிருந்து உள்நோக்கி வெட்ட வேண்டும். பிளாஸ்டிக் ஷவல் அந்தப் பனியில் உடைந்துவிடும், உலோகம்தான் சரி.

வாடகைக்கு எல்லாம் கிடைக்கும். ஆனால் பொருளை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒருமுறைகூடப் பழகாமல் மேலே போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு பதறும். ஏர்பேக் பை இருந்தால் நல்லது. வீங்கிய பை உங்களை மேற்பரப்புக்கு அருகில் வைத்திருக்க உதவும். மரத்தில் மோதினாலோ நாலாவுக்குள் போனாலோ அதனால் பயன் குறைவு.

இந்தியாவில் பனிச்சரிவு முன்னறிவிப்பு சண்டிகரிலுள்ள டிஜிஆர்இ என்ற பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலை. முன்பு மணாலியில் தொடங்கிய சாசே என்ற நிறுவனம் 2020-இல் இதில் கலந்தது. அறிவிப்பு ஐந்து நிலைகளில் வரும். இரண்டாம் நிலைக்கும் மூன்றாம் நிலைக்கும் நடுவே ஒரு படிதான் என்று நினைக்க வேண்டாம், ஒவ்வொரு படியிலும் ஆபத்து பல மடங்காகிறது. சுவிட்சர்லாந்தில் குளிர்காலத்தில் ஏறக்குறைய 30 சதவீத நாட்களுக்குத்தான் மூன்றாம் நிலை அறிவிக்கிறார்கள், இறப்புகளில் பாதி அந்த நாட்களில் நடக்கிறது. நான்கும் ஐந்தும் வந்தால் எல்லோரும் பயந்து ஹோட்டலில் இருந்துவிடுவார்கள். மூன்று என்றால் 'நடுவில்தானே' என்று கிளம்புகிறார்கள். நம் அறிவிப்பு மாவட்ட அளவில், இத்தனை மீட்டருக்கு மேலே என்று வரும். குறிப்பிட்ட ஒரு நாலாவைப் பற்றிச் சொல்லாது. அதற்கு, சரிவுகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் குல்மார்க் ஸ்கீ பேட்ரோல் ஆட்களிடம் காலையில் நேரில் பேசுங்கள். முந்தின இரவு காற்று எந்தப் பக்கம் அடித்தது, நேற்று எங்காவது சரிவு கிளம்பியதா, அடிப்பனி எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அக்கறையோடு கேட்டால் அவர்கள் நிறையச் சொல்வார்கள்.

அப்புறம், மனிதர்கள் விஷயம். அமெரிக்க ஆய்வாளர் இயான் மெக்கேமன் நூற்றுக்கணக்கான விபத்துகளைப் புரட்டிப் பார்த்து, கண்ணெதிரே அறிகுறிகள் இருந்தும் ஏன் போனார்கள் என்று ஆராய்ந்தார். பழகிய சரிவு, கூட்டத்தில் ஒருவருக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை, முன்னால் போனவர்களின் தடம், எப்படியும் போயே தீருவது என்ற பிடிவாதம், இவைதான் திரும்பத் திரும்ப வந்தன. நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு அந்தப் பிடிவாதம் கூடுதலாக இருப்பதைப் பார்க்கிறேன். லீவு எடுத்தாச்சு, டிக்கெட் போட்டாச்சு, ஐந்து நாளில் மூன்று நாள் மேகம் மூடி கொண்டோலா ஓடவில்லை, நாலாவது நாள் வானம் பளிச்சென்று விடிகிறது. அந்தக் காலைதான் எனக்கு மிகவும் கவலை தரும் காலை. மூன்று நாள் பனி மேலே ஏறியிருக்கும், அடியில் என்ன இருக்கிறதோ அதன் மேல். வழிகாட்டியும் மனிதர்தான். வாடிக்கையாளர் முகம் சுருங்கினால் அவருக்கும் சங்கடம். "இன்று வேண்டாம் என்று நீங்கள் சொன்னாலும் முழுப் பணம் தருகிறோம்" என்று முந்தின இரவே அவரிடம் சொல்லிவிடுங்கள். இது ஒன்று அவர் வாயைத் திறக்க வைக்கும். உங்கள் நால்வரில் யார் "வேண்டாம்" என்றாலும், காரணம் கேட்காமல் எல்லோரும் திரும்புவது என்றும் முன்கூட்டியே பேசி வையுங்கள். ஸ்னோபோர்டுக்காரர் தனியாள் என்பதால் அவர்தான் பேசத் தயங்குவார், அவரிடம் தனியாகக் கேளுங்கள்.

உங்கள் பயணத்துக்கு நான் சொல்வது இது. முதல் இரண்டு நாள் எல்லைக்குள் இருங்கள், ஒரு மதியம் முழுக்க பீக்கன் பழகுங்கள். ஒருவர் பீக்கனை ஒரு பையில் போட்டுப் பனியில் புதைக்கட்டும், மற்றவர்கள் ஐந்து நிமிடத்துக்குள் எடுக்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். அந்தக் குளிர்காலம் எப்படிப் போனது என்று விசாரியுங்கள். ஜனவரி வறண்டிருந்து, பிப்ரவரியில் திடீரென்று கொட்டியிருந்தால், நான்கு நாள் என்ன, பத்து நாள் ஆனாலும் 30 டிகிரிக்கு மேல் நிழல் சரிவுகள் வேண்டாம். சீனி ஆன பனி ஒட்டிக்கொள்ள வாரங்கள் ஆகும், சில வருடம் அந்தக் குளிர்காலம் முழுக்கவே ஒட்டாது. டிசம்பரிலிருந்தே பனி ஒழுங்காக ஏறியிருந்து, பேட்ரோலும் அடிப்பனி நன்றாக இருக்கிறது என்று சொன்னால், வழிகாட்டியுடன் போகலாம். ஒருவர் இறங்கும்போது மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று அவரைக் கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். சரிவின் நடுவில் நின்று காத்திருக்கக் கூடாது, மற்றவருக்கு மேலே நின்று ஸ்கீ மாட்டக் கூடாது.

கொண்டோலாவின் மேல் நிலையத்திலிருந்து வெளியே வந்ததும் குளிரில் எல்லோருக்கும் அவசரம் வரும். அங்கே இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். ஒருவர் இருபது மீட்டர் தள்ளிப் போய் பீக்கனைத் தேடும் நிலையில் வைக்கட்டும், மற்ற மூன்று பேரும் இடைவெளி விட்டு ஒவ்வொருவராக அவரைக் கடக்கட்டும், மூன்று பேருடைய சிக்னலும் வருகிறதா என்று பார்க்கட்டும். பிறகு அவர் தன்னுடையதை அனுப்பும் நிலைக்கு மாற்றியதை இன்னொருவர் கண்ணால் பார்க்க வேண்டும். போனை பீக்கனிலிருந்து குறைந்தது 20 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள், தேடும்போது 50. பேட்டரி அல்கலைன்தானா, எத்தனை சதவீதம் மீதி என்று இரவு அறையிலேயே பார்த்துவிடுங்கள். வாடகைக் கடையில் கொடுக்கும் பேட்டரியை நான் நம்புவதில்லை, இங்கிருந்தே புதிது வாங்கிக்கொண்டு போங்கள்.